நடுவயதும் ஒற்றைத் தலையிடியும்

நோய்களுட் சில பிறர் கண்ணுக்குப் புலனாவன. சில, உற்றவர் மாத்திரமே அறிவன. கால் முறிந்தவருக்கு ஊரார் இருக்கை அளிப்பர். காய்ச்சல் கண்டவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டார் இரங்குவர். ஒற்றைத் தலையிடியால் வருந்தும் பெண்ணுக்கோ காட்டுதற்குக் காயமுமில்லை; தொட்டறிதற்குச் சூடுமில்லை. ஆதலின் அவளது நோய் கோபமென்றும், சோம்பலென்றும், வயதின் கோளாறென்றும் பெயர் பெற்றுவிடுகின்றது.

உதாரணமாக, வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அண்மையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வாழும் 48 வயதான ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இளமை தொட்டே மாதவிடாயை ஒட்டி ஒருநாள் தலையிடி வருவது அவருக்கு வழக்கம். இப்பொழுது இரண்டாண்டுகளாக மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது. தலையிடியும் கிழமைக்கு ஒரு முறை வரத் தலைப்பட்டிருக்கின்றது. இரவில் உடல் திடீரெனச் சுட்டு வியர்க்க, உறக்கம் கலைகின்றது. விடியும்போது தலையின் ஒரு பாதி துடிக்கின்றது. இரண்டு குளிசைகளை விழுங்கிவிட்டு வகுப்புக்குச் செல்கின்றார். யன்னல் வெயிலும் பிள்ளைகளின் இரைச்சலும் அவருக்குப் பொறுக்கவில்லை. ‘ரீச்சருக்கு இன்றைக்குக் கோபம்’ என மாணவியர் தம்முட் பேசிக்கொள்கின்றனர். கொட்டாஞ்சேனையில் வாழும் அவருடைய தமக்கையார், தமக்கும் அவ்வயதில் இவ்வாறே இருந்து பின்னர் நீங்கிவிட்டதென ஆறுதல் கூறி, தம்மிடம் எஞ்சியிருந்த குளிசைகளையும் கொடுத்தனுப்புகின்றார்.

தமக்கையாரின் ஆறுதலில் உண்மை உண்டு. அவர் கொடுத்தனுப்பிய குளிசைகளிலோ ஆபத்து இருத்தல் கூடும். இவ்விரண்டுக்கும் காரணம் யாதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் இயல்பும்

இந்நோய் மிகப் பழைமையானது. சுசுருத சங்கிதை தலைநோய்களை 11 வகையாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றற்கு அர்த்தாவபேதகம் எனப் பெயரிட்டது. பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்திய அறிஞர் கலேன் வழங்கிய ஹெமிகிரேனியா என்னும் சொல்லும் பாதி மண்டை என்றே பொருள்படும். அச்சொல்லே பல மொழிகளிற் புகுந்து திரிந்து இன்று மைக்ரேன் என வழங்குகின்றது. ஒன்றற்கொன்று தொலைவான இரு நாடுகளின் வைத்தியர் ஒரே இயல்பை நோக்கிப் பெயரிட்டமை, அவர்கள் நோயாளரின் சொல்லைக் கூர்ந்து கேட்டனர் என்பதற்குச் சான்றாகும்.

பெயர் பாதியைக் குறிப்பினும் சிலருக்கு வலி இருபுறமும் பரவும். நாடித்துடிப்புப் போல விட்டுவிட்டுக் குத்துதல், மாடிப்படி ஏறுதல் போன்ற சிறு வேலையாலும் மிகுதல், குமட்டல் அல்லது வாந்தி, ஒளியையும் ஓசையையும் பொறாமை ஆகியன இதன் அடையாளங்கள். மருந்தின்றி விட்டால் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். நோயாளருள் ஒரு சாராருக்கு வலி தொடங்குமுன் கண்முன்னே மின்னும் கோணற் கோடுகள் தோன்றும். பார்வையில் ஒரு பகுதி மறையும். கையிலிருந்து முகம் வரை விறைப்பு மெல்ல ஊரும். 5 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை நிற்கும் இம்முன்னறிகுறியை ஓரா என்பர். இது வருவோர், வாராதோர் என்னும் பாகுபாடு சிகிச்சையில் மிக முக்கியமானது என்பது பின்னர்ப் புலப்படும்.

தலையின் இரத்தக் குழாய்கள் விரிவதே இந்நோயின் முழுக் காரணமென 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கருதப்பட்டது. இன்று இது மூளையும் நரம்பும் சார்ந்த நோயெனத் தெளிவாகியுள்ளது. மண்டையோட்டு நரம்புகளுள் ஐந்தாவதன் நுனிகள் மூளையுறையின் இரத்தக் குழாய்களைச் சூழ்ந்துள்ளன. நோய் எழுங்கால் அந்நுனிகள் சீ.ஜீ.ஆர்.பீ. எனச் சுருங்க வழங்கும் ஒரு புரதத் துணுக்கை வெளிவிடுகின்றன. கோட்ஸ்பி, எட்வின்சன் என்னும் அறிஞர் இருவர் 1990இல் இதனை நோயாளரின் இரத்தத்திலே காட்டினர். இத்துறையில் உழைத்த நால்வருக்கு 2021இல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெயின் பரிசு வழங்கப்பட்டது. அந்நால்வருள் இவ்விருவரும் அடங்குவர். இந்நோய்க்கு ஆளாகும் இயல்பு பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. ஆதலின் அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே நோய் இருப்பதில் வியப்பில்லை.

ஏற்றமும் இறக்கமும்

பூப்புக்கு முன்னர் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் இந்நோயிற் பெரு வேறுபாடு இல்லை. பூப்பின் பின்னரோ ஆண்களிலும் பெண்களிடத்தே ஏறக்குறைய மும்மடங்காகக் காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டுக்குச் சூலகத்திற் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் பெரிதும் காரணமாகும். அவ்வோமோன் குறைவதாற் கேடா, மிகுவதாற் கேடா என்னும் வினாவுக்கு அவுஸ்திரேலிய வைத்தியர் சொமர்வில் 1970களின் தொடக்கத்தில் விடை தேடினார். மாதவிடாய்க்கு முன் தலையிடி வரும் பெண்களுக்கு அவர் ஈஸ்திரோஜன் ஊசி ஏற்றினார். தலையிடி வர வேண்டிய நாளில் வரவில்லை. ஊசியின் வலு இறங்கிய பின்னரே வந்தது. புரோஜெஸ்தரோன் என்னும் மற்றை ஓமோனை ஏற்றியபோது மாதவிடாய் பிந்தியது, தலையிடி பிந்தவில்லை. ஆகவே, ஈஸ்திரோஜன் உயர்ந்து நின்று பின்னர் சடுதியாக வீழ்வதே நோயைத் தூண்டுகின்றது என்பது பெறப்பட்டது.

இவ்வுண்மையைக் கொண்டு நடுவயதின் துன்பத்தை விளங்கிக்கொள்ளலாம். மாதவிடாய் பொதுவாக 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கின்றது. தொடர்ந்து 12 மாதம் வாராதிருந்த பின்னரே அது நின்றுவிட்டதெனக் கொள்வர். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் ஈஸ்திரோஜன் படிப்படியாகக் குறைந்து செல்வதில்லை. ஒரு மாதம் வழமையிலும் உயர்ந்தும், மறுமாதம் மிகத் தாழ்ந்தும் அலைகின்றது. முன்னர் மாதத்துக்கு ஒருமுறை நேர்ந்த வீழ்ச்சி இப்பொழுது நாளும் கணக்குமின்றி நேர்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால் வெள்ளவத்தைக் கடலில் தோணியை அலைக்கழிப்பது நீரின் அளவன்று, அதன் கொந்தளிப்பே ஆகும். காற்று அடங்கினாற் கடலும் அடங்கும். அவ்வாறே, மாதவிடாய் இயல்பாக நின்று, ஓமோன் தாழ்ந்த நிலையில் ஒரு சீராக அமைந்த பின்னர், ஓரா வாராத பெண்களுட் பெரும்பாலோருக்கு நோய் தணிகின்றது. தமக்கையார் கூறியது இதுவே.

ஆயினும் இரு விதிவிலக்குகள் உள. சத்திர சிகிச்சையால் சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்திரோஜன் ஒரே நாளில் வீழ்கின்றமையால் நோய் பெரும்பாலும் கடுமையாகும். ஓரா வரும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் நோய் தணியும் என உறுதி கூற இயலாது. மேலும், தணிவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளைப் பொறுத்திருந்து கழித்தல் மட்டுமே பெண்ணின் கடமையெனக் கொள்ளுதல் தவறு. அக்காலத்துக்கும் சிகிச்சை உண்டு.

நாட்காட்டியின் சான்று

சிகிச்சையின் முதற்படி கணக்கு வைத்தலாகும். இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். தலையிடி வந்த நாளுக்கு ஓர் அடையாளம். குளிசை எடுத்த நாளுக்கு மற்றொன்று. மாதவிடாய் நாளுக்கு வேறொன்று. இரவு வியர்வையால் உறக்கம் கெட்டதாயின் அதனையும் குறித்துக்கொள்ளலாம். மூன்று மாதம் சென்றபின் அவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘அடிக்கடி வருகின்றது’ என்னும் சொல்லைக் கொண்டு வைத்தியர் செய்யக்கூடியது சிறிது. ‘மாதத்தில் 9 நாள் வலி, 14 நாள் குளிசை’ என்னும் கணக்கைக் கொண்டு அவர் செய்யக்கூடியது பெரிது.

இவற்றுள் குளிசை நாட்களின் கணக்கே எல்லாவற்றினும் முக்கியமானது. பரசிற்றமோல் போன்ற எளிய வலிநீக்கிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, கொடெயின் சேர்ந்த கூட்டுக் குளிசைகளையும் திரிப்தான் வகையினவற்றையும் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேற்பட எடுப்பவருக்கு அம்மருந்துகளே தலையிடியை விளைவிக்கும். வலிக்கு மருந்து, மருந்தால் வலி என இச்சுழல் நாளாந்தம் வளரும். வெள்ளவத்தை ஆசிரியையின் கைப்பையிற் குளிசை அட்டை ஒழியாதிருப்பதும், தமக்கையாரிடமிருந்து மேலும் வந்து சேர்வதும் இக்காரணத்தாலேயே அஞ்சத்தக்கன. வைத்தியரின் மேற்பார்வையில் அக்குளிசைகளை நிறுத்திய பலருக்கு, முதற்சில கிழமைகளின் கடுமை கழிந்தபின், தலையிடி பெரிதும் குறைகின்றது.

விரதமும் ஒழுங்கும்

ஒற்றைத் தலையிடிக்கு ஆளான மூளை மாற்றத்தை விரும்பாதது. நேரந்தவறிய உணவு, குறைந்த உறக்கம், மிகுந்த உறக்கம், நீர் குறைதல், கடும் வெயில், வழக்கமான தேநீரைத் திடீரெனக் கைவிடுதல் ஆகிய யாவும் நோயைத் தூண்டவல்லன. நடுவயதின் ஓமோன் அலைவு பெண்ணின் கையில் இல்லை. இவற்றுட் பல அவள் கையில் உள்ளன. ஓமோன் அலையுங் காலத்தில் ஏனையவற்றையேனும் சீராக வைத்தால் நோயின் வரவு குறையும்.

இங்கு இந்துக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நவராத்திரி ஒன்பது நாளும் கழிந்து விசயதசமி தொடக்கம் 21 நாள் கேதார கௌரி விரதம் வருகின்றது. அது நிறைவெய்தும் அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டியின் ஆறு நாட்கள் தொடங்குகின்றன. மூன்றையும் அநுட்டிக்கும் பெண் 36 நாட்கள் உணவும் உறக்கமும் மாறிய நிலையில் இருக்கின்றாள். மாசியிற் சிவராத்திரிக்குக் கண்விழிப்பு. ஆடிவேல் விழாக் காலத்தில் வெயிலும் நெரிசலும் கற்பூரப் புகையும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரத்தில் அதிகாலைப் பூசை கண்டு, வெறுவயிற்றோடு வேலைக்குச் செல்பவருக்குப் பிற்பகலில் தலையிடி வருமாயின், அதனைத் தெய்வக் குற்றமென அஞ்சுதற்கு இடமில்லை. வெறுவயிறும் தேநீர் இன்மையுமே அதற்குப் போதிய காரணங்கள்.

விரதத்தை விடுவது ஒன்றே வழியென்பதுமில்லை. ஆறுமுக நாவலர் தமது சைவவினாவிடையில் விரதத்துக்குக் கூறும் இலக்கணத்தில், உணவை விடுத்தலோடு சுருக்குதலும் இடம்பெறுகின்றது. வழிபாட்டில் மனம் நிற்றலே அதன் பயனாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே, நோயுற்ற பெண் பாலும் பழமும் நேரத்துக்கு உண்டு, நீர் குறையாது அருந்தி, தேநீரை விரதத்துக்குச் சில நாட்கள் முன்னரே சிறிது சிறிதாகக் குறைத்து விரதம் காப்பது நெறிக்கு மாறானதன்று. இதனை அவளுக்கு எடுத்துக் கூறவேண்டியவர் வீட்டுப் பெரியோரே. அவள் தானாக உண்ணத் துணியாள்.

மருந்தும் அளவும்

வலி எழுந்தவுடன் போதிய அளவில் எடுக்கும் மருந்தே பயன் தரும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வாந்தி தொடங்கியபின் விழுங்கும் குளிசை வயிற்றிலேயே தங்கிவிடும். பரசிற்றமோல், இபுபுரொபன் போன்றவை முதல்நிலை மருந்துகள். இபுபுரொபன் வகையின இரைப்பைப் புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கு ஏற்றவையல்ல. கொழும்பில் மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். காய்ச்சலோடு கூடிய தலையிடி டெங்கு நோயாக இருத்தல் கூடும். அப்பொழுது இபுபுரொபனும் அஸ்பிரினும் இரத்தப்பெருக்கை விளைவிக்கலாம் ஆதலின் அவற்றை அறவே தவிர்த்து வைத்தியரை நாடல் வேண்டும்.

எளிய மருந்துக்கு அடங்காத நோய்க்கு 1991 முதல் வழக்கிலுள்ள சுமத்திரிப்தான் போன்றவை உதவும். அவை இரத்தக் குழாய்களைச் சுருக்குவன. இருதய நோயாளருக்கும், அடங்காத இரத்த அழுத்தம் உடையோருக்கும் ஆகா. நடுவயதில் இவ்விரு நோய்களும் அறியாமலே வந்து புகுவதுண்டு. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை மற்றொருவர் விழுங்கலாகாது என்பதற்கு இது மற்றொரு காரணம்.

மாதத்திற் பல நாட்கள் வருந்துவோருக்கு நோய் வாராமற் காக்கும் மருந்துகள் உள. அவற்றை நாள்தோறும் எடுத்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்தே பயன் காணவேண்டும். மருந்தைத் தெரிவு செய்கையில் நோயாளரின் ஏனைய நோய்களையும் வைத்தியர் நோக்குவார். இரத்த அழுத்தம் உடையோருக்குக் கண்டெசார்த்தான் இரண்டுக்கும் உதவும். உறக்கம் கெட்டோருக்கு அமித்திரிப்திலின் சிறு அளவில் பயன்படும். வெனிலபக்சின் தலையிடியோடு உடற்சூட்டையும் தணிக்கும். புரொப்பிரனலோல் நல்ல மருந்தாயினும் ஆஸ்மா நோயாளருக்கு ஆகாது. சீ.ஜீ.ஆர்.பீ.யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் உலகில் வழக்குக்கு வந்தன; அவை மிகுந்த விலையுடையன.

ஓமோனையே மருந்தாகக் கொடுத்தல் மற்றொரு வழி. அலைவே காரணமாதலின், ஒரு சீராக உடலிற் சேரும் வகையே ஏற்றது. குளிசையாக விழுங்குவதினும் தோலில் ஒட்டும் பட்டியோ பூசும் களியோ இதற்குச் சிறந்தது. கருப்பை உடையோருக்கு ஈஸ்திரோஜனோடு புரோஜெஸ்தரோன் வகை ஓமோனும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும்; அன்றேல் கருப்பையின் உட்படலம் கேடுறும். மார்பகப் புற்றுநோய் கண்டோருக்கு இச்சிகிச்சை பொதுவாக விலக்கப்படுகின்றது. ஓரா வருவோருக்கு மூளை இரத்தக் குழாய் அடைப்பால் நேரும் பாரிசவாதத்தின் அபாயம் ஏனையோரினும் சற்று அதிகம். கருத்தடைக்காக வழங்கும் ஈஸ்திரோஜன் சேர்ந்த குளிசை அதனை மேலும் கூட்டுவதால் அவர்களுக்கு ஆகாது. ஆகவே ஓரா உண்டா என்பதை வைத்தியர் கேளாவிடினும் நோயாளர் கூறல் வேண்டும்.

விரைந்து நாடவேண்டிய வேளை

தலையிடிகள் யாவும் ஒற்றைத் தலையிடி அல்ல. ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்தாற்போல உச்சம் எய்தும் வலி, கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், முகம் ஒருபுறம் சரிதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல் ஆகியன தாமதத்துக்கு இடந்தராதவை. 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து உடனே ஆசுபத்திரியை அடைதல் வேண்டும். 50 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் தலையிடியும் ஆராயப்பட வேண்டியதே. மெல்லும்போது தாடை வலியும் பார்வை மங்கலும் அதனோடு சேருமாயின் அன்றே வைத்தியரைக் காணவேண்டும்; பிந்தினாற் கண்பார்வை இழக்க நேரிடும். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் காணும் உதிரப்போக்கும் வெட்கத்தால் மறைக்கத்தக்கதன்று.

வைத்தியரிடம் செல்லப் பெருஞ்செலவு ஆகுமென அஞ்சவேண்டியதில்லை. 35 வயதைக் கடந்த பெண்களுக்கெனச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. 1996 முதல் இலங்கையில் நடைபெறும் இவ்விலவசச் சேவையில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பரிசோதிக்கப்படுகின்றன. மார்பகமும் கருப்பைக் கழுத்தும் சோதிக்கப்படுகின்றன. தலையிடிச் சிகிச்சைக்கு முன் அறியவேண்டியவற்றுட் பல இங்கேயே தெரிந்துவிடும். வேண்டின் அங்கிருந்து நிபுணரிடம் செல்லலாம்.

சொல்லும் மௌனமும்

இத்தனை வழிகள் இருந்தும் பெண்கள் பலர் வைத்தியரிடம் செல்வதில்லை. சென்றாலும் தலையிடியைக் கூறி மாதவிடாயை மறைக்கின்றனர். பெண்ணுடலைப் பற்றிப் பேசுதல் தமிழுக்கு ஒவ்வாது என்னும் எண்ணம் அதற்கு ஒரு காரணம். அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மோன்செல் என்பவரின் பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். அதனைத் தமிழ் மாணாக்கர் கற்று வைத்தியராயினர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழில் எழுதவும் கற்கவும் இயன்றதை, வீட்டிலே கணவனிடமும் மகளிடமும் கூற இயலாதென்பது மொழியின் குறையன்று.

வெள்ளவத்தை ஆசிரியை தம் நாட்காட்டியுடன் வைத்தியரிடம் செல்வாராயின், கணக்கைக் கண்ட வைத்தியர் முதலில் குளிசைகளைக் குறைப்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார். ஓரா உண்டா என வினவுவார். பின்னர் தக்க மருந்தைத் தெரிவார். வீட்டார் செய்யவேண்டியது சிறிதே. நோய் வந்த வேளையில் இருண்ட அறை ஒன்றும், ஓசையடங்கிய இரண்டு மணித்தியாலமும், வேளைக்கு உணவும் அவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். பாடசாலையில் உடனாசிரியர் ஒருவர் ஒரு பாடவேளையை ஏற்றுக்கொள்ளலாம். கொந்தளிப்பு ஒருநாள் அடங்குமென்பது பெரும்பாலோருக்கு உண்மை. அது அடங்கும்வரை, அதனைக் கோபமெனக் கூறாது நோயெனக் கூறினாலே அவருடைய துன்பத்திற் பாதி குறையும்.